பூவிருந்தவல்லித் தீர்ப்பும் ஒப்புதல் வாக்குமூலமும்

சென்னையிலிருந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், நகரின் மேற்கெல்லையில் அமைந்திருக்கிறது பூவிருந்தவல்லி. பேச்சு வழக்கில் பூந்தமல்லி. திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர் என்று வைணவர்கள் போற்றுவர். கோல்கொண்டா ஆட்சிக் காலத்துப் பள்ளிவாசல் ஒன்றும் இங்குண்டு. ஆங்கிலேயர் காலத்தில் இராணுவத்தார் தங்கும் பாளையமாகவும் இருந்தது. இத்தனை பழமை வாய்ந்த ஊரை, நம் காலத்துச் சட்ட ஏடுகள் வேறொரு காரணத்தால் நினைவில் வைத்திருக்கின்றன. 1998ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், இவ்வூரில் பலத்த காவலுடன் இயங்கிவந்த தனி நீதிமன்றத்தில், இருபத்தாறு பேருக்கு ஒரே தீர்ப்பில் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. ராஜீவ் காந்தி கொலை வழக்கு அது. குற்றம் சாட்டப்பட்டு நீதிமன்றத்தின் முன் நின்றவர்கள் இருபத்தாறு பேர். தூக்கு விதிக்கப்பட்டவர்களும் இருபத்தாறு பேர். ஒருவர்கூட விடுபடவில்லை.

குற்றத்தின் கொடுமையைக் குறைத்துக் கூற நாம் வரவில்லை. 1991ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் இரவு, இதே சாலையில் இன்னும் மேற்கே உள்ள ஸ்ரீபெரும்புதூரில், தேர்தல் கூட்டத்திற்கு வந்த முன்னாள் பிரதமர் மனித வெடிகுண்டுக்கு இரையானார். அவரோடு காவல் பணியில் நின்றவர்களும் கூட்டத்திற்கு வந்தவர்களும் மாண்டனர். கொல்லப்பட்ட காவலர்களின் வீடுகளில் எரிந்த அடுப்பு எத்தனை நாள் அணைந்து கிடந்தது என்பதை எந்தச் சட்ட ஏடும் எழுதி வைப்பதில்லை. 1987 ஜூலை 29ஆம் நாள் கையெழுத்தான இந்திய இலங்கை ஒப்பந்தமும், அதைத் தொடர்ந்து இலங்கைக்குச் சென்று 1990 மார்ச்சில் திரும்பிய இந்தியப் படையும், அங்கு நடந்த போரும் இக்கொலைக்குப் பின்னணி. இரு நாடுகளுக்கிடையே தீராமல் நின்ற ஒரு பிணக்கு, நம் ஊர்ச் சாலை ஓரத்தில் வந்து வெடித்தது என்றே சொல்லலாம். இத்தகைய பிணக்குகளைப் பழிக்குப் பழி என்று விடாமல் நீதிமன்றத்தின் முன் கொணர்வதே நாகரிக உலகத்தின் வழி. அவ்வழியில் இந்திய அரசு சென்றதை நாம் பாராட்டவே செய்வோம். ஆனால் நீதிமன்றத்திற்குள் நுழைந்தபின் எந்தச் சட்டத்தைக் கொண்டு நீதி அளக்கப்பட்டது என்பதே நம் ஆராய்ச்சிக்குரிய பொருள்.

வழக்கில் மொத்தம் நாற்பத்தொரு பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர்களுள் பன்னிருவர் முன்னரே இறந்துவிட்டனர். மூவர் பிடிபடவில்லை. எஞ்சிய இருபத்தாறு பேர் மீதான விசாரணை 1994 ஜனவரியில் தொடங்கி, கதவடைத்த மன்றத்தில் நான்கு ஆண்டுகள் நடந்தது. 288 சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். எனினும் வழக்கின் முதுகெலும்பாக நின்றது வேறு. குற்றம் சாட்டப்பட்டவர்களுள் பதினேழு பேர் காவல் அதிகாரி ஒருவரிடம் கொடுத்ததாகப் பதிவான ஒப்புதல் வாக்குமூலங்களே அவை.

இங்கே வாசகர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்றுதானே சாதாரண மனிதனும் அறிந்திருக்கிறான்? உண்மைதான். பொதுச் சட்டம் அப்படித்தான் கூறுகிறது. அந்தச் சட்டம் பிறந்த கதையில் நம் சென்னை மாகாணத்திற்கு ஒரு பங்குண்டு. அதனைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம்.

கும்பினி ஆட்சியின் இறுதிக் காலத்தில், நிலவரி வசூலிக்கவும், களவு வழக்குகளில் ஒப்புதல் வாங்கவும், தாசில் சேவகர்கள் குடிமக்களை வதைக்கிறார்கள் என்ற முறையீடு இலண்டன் பாராளுமன்றம் வரை எட்டிற்று. அதன் விளைவாகச் சென்னையில் ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் அதன் உறுப்பினர்கள். 1855இல் அவர்கள் அளித்த அறிக்கையைப் படிப்போர் நெஞ்சம் நடுங்கும். கைவிரல்களை மரச் சட்டங்களுக்கிடையே வைத்து நெரிக்கும் ‘கிட்டி’ அதில் வருகிறது. கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து, வெயிலில் குனிந்த நிலையிலேயே நிற்க வைக்கும் ‘அண்ணாந்தாள்’ வருகிறது. கண்ணில் மிளகாய்ப் பொடி தூவுவது வருகிறது. ஆங்கிலத்தில் எழுதிய துரைமார்கள் இவற்றுக்கு ஆங்கிலப் பெயர் தேடி அலையவில்லை. நம் மக்கள் சொன்ன தமிழ்ச் சொற்களையே எழுதி வைத்தார்கள். வதையின் கலைச்சொற்கள் நம் மொழியிலிருந்து உலகுக்குச் சென்றன என்பது பெருமைப்படத் தக்க செய்தியன்று. முறையிட வந்தவர்களுள் நெடுந்தூரம் நடந்தே சென்னை வந்து சேர்ந்த குடியானவர்கள் பலர். இந்த அறிக்கையைக் கடலுக்கப்பால் இருந்து படித்த கார்ல் மார்க்ஸ், 1857இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இதுபற்றிக் கட்டுரையே எழுதினார்.

இத்தகைய வெளிப்பாடுகளுக்குப் பின்னர் வந்ததே 1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம். போலீசாரிடம் செய்த ஒப்புதலைச் சான்றாகக் கொள்ளலாகாது என்று அது விதித்தது. 1872இன் இந்தியச் சாட்சியச் சட்டம் அதனையே தன் 25ஆம் பிரிவாக ஏற்றது. 2024 ஜூலையில் அச்சட்டத்தின் இடத்திற்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் இவ்விதியைக் கைவிடவில்லை. கிட்டியில் நெரிந்த விரல்கள் வாங்கித் தந்த பாதுகாப்பு இது. அந்நியன் போட்ட சட்டம் என்று தள்ளிவிடக் கூடியதன்று.

நம் பழைய காழிமார்களும் இந்தக் கேள்வியை எதிர்கொண்டவர்களே. கலீஃபா ஹாரூன் ரஷீதின் தலைமைக் காழியாக விளங்கி ஹிஜ்ரி 182இல் மறைந்த இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள், அக்கலீஃபாவுக்காக எழுதிய ‘கித்தாபுல் கராஜ்’ என்னும் நூலில், குற்றம் சாட்டப்பட்டவரை அடித்து ஒப்புதல் வாங்குவதைக் கண்டித்திருக்கிறார்கள். பட்டினி போட்டோ, அச்சுறுத்தியோ, அடைத்து வைத்தோ கேட்டால் மனிதன் தனக்கெதிராகவே பேசிவிடுவான் என்ற கருத்து ஹள்ரத் உமர் (ரலி) அவர்களுடையதாக அந்நூலில் இடம்பெறுகிறது. வற்புறுத்தலின் பேரில் செய்த இக்ரார் செல்லாது என்பது பிக்ஹு நூல்களின் பொதுவான முடிவு. பிற்காலத்தவருள் சிலர், பேர்போன கயவர்களை அடித்து விசாரிக்கலாம் என இடம் கொடுத்ததும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. பிக்ஹு அறிஞர்கள் வகுத்த இன்னொரு பாகுபாடும் இவ்வழக்கிற்கு மிகவும் பொருந்துவது. சாட்சியம் பிறரைச் சென்று பற்றும் சான்று; இக்ராரோ சொன்னவனோடு நின்றுவிடும் சான்று. ஒருவன் ‘நானும் இன்னாரும் செய்தோம்’ என்றால், ‘நான்’ என்பது அவனைக் கட்டுப்படுத்தும்; ‘இன்னார்’ என்பது அந்த இன்னாரைக் கட்டுப்படுத்தாது. மதரஸாவில் இப்பாடத்தை ஓதும் மாணவர்கள் இதனை வறண்ட இலக்கணம் போல மனனம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இருபத்தாறு உயிர்கள் இதில் தொங்கக்கூடும் என்று யார் நினைத்தார்கள்?

1987ஆம் ஆண்டின் தடாச் சட்டம் இந்தப் பழைய பாதுகாப்பை எடுத்துவிட்டது. காவல்துறைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி பதிவு செய்த ஒப்புதல், நீதிமன்றத்தில் சான்றாகும் என்று அதன் 15ஆம் பிரிவு கூறிற்று. மேல்முறையீட்டுக்கு உயர்நீதிமன்றமும் இல்லை. நேரே டெல்லிக்குத்தான் செல்ல வேண்டும். இதனை எதிர்த்த கர்த்தார் சிங் வழக்கில், 1994 மார்ச் 11ஆம் நாள், நம் தமிழ்நாட்டவரான நீதிபதி ரத்தினவேல் பாண்டியன் உள்ளிட்ட பெரும்பான்மையினர் அப்பிரிவு செல்லும் என்றே தீர்ப்பளித்தனர். அச்சுறுத்தலற்ற சூழலில், சொன்னவரின் மொழியிலேயே பதிய வேண்டும் என்பன போன்ற நெறிகளையும் உடன் வகுத்தனர். நீதிபதிகள் ராமசாமியும் சகாயும் அப்பிரிவே செல்லாது என்றனர். நெறி வகுத்துவிட்டால் போலீஸ் லாக்கப்பின் சுவர்கள் மாறிவிடும் என்று நம்புவது நமக்கு எளிதாக இல்லை. மறு ஆண்டு பிப்ரவரியில், தேசிய மனித உரிமை ஆணையத்தின் தலைவர் ரங்கநாத் மிஸ்ரா, தடாவை நீட்டிக்க வேண்டாமென்று பாராளுமன்ற உறுப்பினர் அனைவருக்கும் கடிதம் எழுதினார். 1995 மேயில் சட்டம் காலாவதியாயிற்று. ஆயினும் ஏற்கெனவே தொடங்கிய வழக்குகள் அதே சட்டத்தின் கீழ்த் தொடர்ந்தன. ஆக, பூவிருந்தவல்லியில் இருபத்தாறு பேருக்குத் தூக்கு விதிக்கப்பட்டபோது, அச்சட்டம் மறைந்து இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

சர்வதேசச் சட்டம் இதுபற்றி என்ன கூறுகிறது? குடிமை, அரசியல் உரிமைகள் பற்றிய 1966ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் இந்தியா 1979இல் சேர்ந்தது. தனக்கெதிராகச் சாட்சி கூறவோ குற்றத்தை ஒப்புக்கொள்ளவோ எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்பது அதன் 14ஆம் விதியில் உள்ளது. சித்திரவதைக்கு எதிரான 1984ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபர் 14ஆம் நாள் கையொப்பமிட்டது. பூவிருந்தவல்லித் தீர்ப்புக்கு மூன்றரை மாதம் முன்பு! கையொப்பம் இட்டதே தவிர, அதற்கு ஏற்புறுதி அளித்துத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளவில்லை. நிக்காஹுக்கு நாள் குறித்துவிட்டு ஈஜாபு கபூல் சொல்லாமல் இருப்பதைப் போன்றது இது.

1999ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் கே.டி. தாமஸ், டி.பி. வாத்வா, எஸ்.எஸ்.எம். காதிரி ஆகிய மூவர் அமர்ந்த மன்றம் அது. கொலையின் நோக்கம் ஒரு தனி மனிதரைக் கொல்வதே. எனவே தடாச் சட்டம் கூறும் பயங்கரவாதக் குற்றம் இதில் நிறுவப்படவில்லை என்று அவர்கள் முடிவு கண்டனர். அப்படியானால் தடாச் சட்டம் தந்த வாக்குமூலங்களும் விழுந்துவிட வேண்டாமா? விழவில்லை. குற்றங்கள் சேர்த்து விசாரிக்கப்பட்டமையால், கொலைக் குற்றத்திற்கும் அவ்வாக்குமூலங்கள் சான்றாகும் என்று மன்றம் கொண்டது. மரம் வேரோடு சாய்ந்தபின்னும் கனி மட்டும் கிளையில் நின்றது போலாயிற்று. ஒருவரின் ஒப்புதல் மற்றவரைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்வியில் நீதிபதிகள் பிரிந்தனர். அதனைத் தனித்து நிற்கும் சான்றாகக் கொள்ளலாகாது, பிற சான்றுக்குத் துணையாகவே கொள்ளலாம் என்றார் தாமஸ். மற்ற இருவரும் தனித்தும் நிற்கும் என்றனர். பெரும்பான்மை வென்றது. நாம் மேலே சொன்ன பிக்ஹுப் பாகுபாட்டை நோக்கின், தாமஸ் அவர்களின் கருத்தே நமக்கு நேரிதாகத் தோன்றுகிறது.

முடிவில், இருபத்தாறு பேருள் பத்தொன்பது பேர் கொலைச் சதியிலிருந்து விடுவிக்கப்பட்டனர். மூவருக்கு ஆயுள் தண்டனை. நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய நால்வருக்குத் தூக்கு உறுதியாயிற்று. பத்தொன்பது பேர்! மேல்முறையீடு என்ற ஒரு படி மட்டும் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவும் அச்சமாயிருக்கிறது.

வாக்குமூலத்தின் கதை இத்துடன் முடியவில்லை. பேரறிவாளன் கைதானபோது வயது பத்தொன்பது. அவர் வாங்கிக் கொடுத்த ஒன்பது வோல்ட் பேட்டரிகள் வெடிகுண்டில் பயன்பட்டன என்பது அவர் மீதான குற்றச்சாட்டின் சாரம். அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி தியாகராஜன், ஓய்வு பெற்றபின் 2013இல் ஒரு செய்தியை வெளியிட்டார். பேட்டரிகள் எதற்காக என்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறியதாகவும், அந்தப் பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாகவும் அவர் சொன்னார். பின்னர் 2017இல் உச்சநீதிமன்றத்தில் பிரமாண வாக்குமூலமாகவும் அதைத் தாக்கல் செய்தார். இங்கு கிட்டி இல்லை. மிளகாய்ப் பொடியும் இல்லை. எழுதுபவன் ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டான், அவ்வளவே. 1861இல் சட்டம் இயற்றியோர் அஞ்சியது அடிக்கு மட்டும் என்று நினைத்துவிடலாகாது. குற்றத்தை நிறுவ வேண்டிய பொறுப்புடையவன் கையிலேயே எழுதுகோலும் இருக்கக் கூடாது என்பதும் அவ்விதிக்குள் அடங்கும்.

எஞ்சியதைச் சுருக்கமாகவே சொல்வோம். நளினியின் தூக்கு 2000இல் ஆளுநரால் ஆயுளாகக் குறைக்கப்பட்டது. மற்ற மூவரின் கருணை மனுக்கள் பதினோரு ஆண்டுகள் கிடந்து, 2011 ஆகஸ்டில் தள்ளுபடியாயின. தூக்கிலிட நாளும் குறித்தாகிவிட்டது. சென்னை உயர்நீதிமன்றம் தடுத்தது. 2014 பிப்ரவரி 18ஆம் நாள், காரணமற்ற காலதாமதமே ஒரு வதை என்று கருதி, உச்சநீதிமன்றம் மூவர் தண்டனையையும் ஆயுளாக்கிற்று. 2022 மே 18இல் பேரறிவாளனும், நவம்பர் 11இல் எஞ்சிய அறுவரும் விடுதலை பெற்றனர்.

இடையில் சட்டமும் ஒருமுறை திரும்பி வந்தது. 2002இல் வந்த பொடாச் சட்டம், போலீசாரிடம் செய்யும் ஒப்புதலை மீண்டும் சான்றாக்கிற்று. பொடா வழக்குகளுக்கும் பூவிருந்தவல்லியிலேயே தனி நீதிமன்றம் அமைந்தது. வைகோ அவர்கள் வேலூர்ச் சிறையிலிருந்து இங்கேதான் கொணரப்பட்டார். 2004இல் பொடா நீக்கப்பட்டபோது, அதன் விதிகள் பலவற்றை வேறொரு சட்டத்தில் சேர்த்தார்கள். வாக்குமூல விதியைச் சேர்க்கவில்லை. கடுமைக்குப் பெயர்பெற்ற அச்சட்டத்திலும் அந்த ஒரு கதவு அடைபட்டே இருக்கிறது.

விடுதலையான அறுவருள் நால்வர் இலங்கைக் குடிமக்கள். அவர்கள் சிறையிலிருந்து வெளிவந்து, திருச்சிராப்பள்ளியில் உள்ள சிறப்பு முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தன் நாட்டிற்குத் திரும்பும் உரிமை ஒவ்வொரு மனிதனுக்கும் உண்டென்று 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் கூறுகிறது. அந்த உரிமை கைக்கு வர ஓராண்டுக்கு மேலாயிற்று. தாயைக் காண யாழ்ப்பாணம் செல்லக் காத்திருந்த சாந்தன், 2024 பிப்ரவரி 28ஆம் நாள், சென்னை இராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் காலமானார். மற்ற மூவரும் ஏப்ரல் 3ஆம் நாள் கொழும்புக்கு விமானமேறினர்.