பின்கோடு

பின்கோடு எனப்படும் அஞ்சல் குறியீட்டு எண், இந்திய அஞ்சல் துறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆறு இலக்க எண். ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்ததும் (தமிழ்நாட்டில் மட்டும் எத்தனை புதூர்கள், எத்தனை புதுப்பட்டிகள்!), வேற்று மொழியில் எழுதிய முகவரியைக் கடிதம் பிரிப்பவர் படிக்க முடியாமல் திணறியதும் இதற்குக் காரணங்கள். தகவல் தொடர்பு அமைச்சகத்தின் கூடுதல் செயலாளராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலாங்கர் இம்முறையை வகுத்தார். அவர் சம்ஸ்கிருதக் கவிஞரும்கூட.

முதல் இலக்கம் மண்டலத்தைக் குறிக்கும். 1 முதல் 8 வரை நிலப்பகுதிகளுக்கு; 9 ராணுவ அஞ்சலுக்கு. தமிழ்நாடும் கேரளமும் 6-இல் அடங்கும். இரண்டாம் இலக்கமும் சேர்ந்தால், 60 முதல் 66 வரை தமிழ்நாடு, 67 முதல் 69 வரை கேரளம். மூன்றாவது, கடிதங்கள் பிரிக்கப்படும் வட்டாரம்: 625 என்றால் மதுரை, 641 என்றால் கோவை. கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்துக்கு உரியவை. சென்னையில் இதற்கு முன்பே வட்ட எண்கள் வழங்கின. மதராஸ்-4 என்ற மயிலாப்பூர் 600004 ஆனது, மதராஸ்-17 என்ற தியாகராய நகர் 600017 ஆனது.

பின்கோடு ஊரின் எண் என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது அஞ்சலகத்தின் எண். ஓர் அஞ்சலகத்தின் கீழ் வரும் பல கிராமங்களுக்கும் கிளை அஞ்சலகங்களுக்கும் எண் ஒன்றே. கடிதம் எந்த வழியில் போகிறதோ அதையே எண் பின்பற்றும். வட்டம், மாவட்டம், மாநிலம் என்ற எல்லைகள் அதைக் கட்டுப்படுத்துவதில்லை. இதற்குப் புதுச்சேரியைவிடத் தெளிவான சான்று கிடையாது. ஒரே ஆட்சிப்பகுதியாக இருந்தும் அதன் நான்கு பகுதிகளும் அருகிலுள்ள மாநிலங்களின் வரிசையிலேயே எண் பெற்றுள்ளன. புதுச்சேரி நகரம் 605001, காரைக்கால் 609602. மலபார்க் கரையிலுள்ள மாஹே 673310 எனக் கேரள வரிசையிலும், கோதாவரிக் கரையிலுள்ள ஏனாம் 533464 என ஆந்திர வரிசையிலும் நிற்கின்றன.

9-இல் தொடங்கும் எண்கள் எந்த இடத்தையும் காட்டுவதில்லை. படைப்பிரிவு எங்கே முகாமிட்டிருந்தாலும் வீட்டிலிருந்து எழுதுபவர் அதே முகவரியை எழுதலாம். இடம் வெளியே தெரியாது, கடிதம் மட்டும் போய்ச் சேரும்.

சபரிமலை சன்னிதான அஞ்சலகத்தின் எண் 689713. மண்டல, மகரவிளக்குக் காலத்தில் மட்டும் திறக்கும் அந்த அஞ்சலகத்துக்கு ஐயப்பன் பெயருக்கே கடிதங்களும் பணவிடைகளும் வருகின்றன.