ஒத்தி, பணயம், அட்வான்ஸ்: ஒரு பழைய கணக்கு

கிழக்கேகோட்டைப் பக்கம் வீடு தேடினால் தரகர் முதலில் கேட்பது "வாடகைக்கா, பணயத்துக்கா?" என்பதுதான். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் கொஞ்சம் விழிப்பார்கள். பயப்படாதீர்கள், நம் ஊர் சமாசாரம்தான். மதுரை, நாகர்கோவில் பக்கம் ஒத்தி. சென்னையில் போக்கியம் அல்லது லீஸ். மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால் மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது பணம் திரும்பி வரும் (வர வேண்டும்!).

என்னைப் போன்ற வங்கிக்காரன் கண்ணுக்கு இது வாடகையே அல்ல, கடன். கடன் கொடுப்பவர் நீங்கள், வாங்குபவர் வீட்டுக்காரர். வாடகைக்கு வாங்கும் அட்வான்ஸும் வட்டியில்லாத கடன்தான்.

கேரளத்தில் இந்தக் கணக்கு ரொம்பப் பழசு. 'காணம்' என்ற நில ஏற்பாட்டில் குடியான் ஜென்மிக்கு ஒரு முன்பணம் கொடுப்பான். அதற்கான வட்டியைப் பாட்டத்தில் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் அளப்பான். பணம் அங்கே இருக்கும்வரை அவனுக்கு நிலத்தில் ஒரு பிடி உண்டு. இருந்தும் ஜென்மிகள் வெளியேற்றத்தான் செய்தார்கள். அதைக் கட்டுப்படுத்தத் திருவிதாங்கூரில் 1867ல் அரச பிரகடனம் வந்தது, 1896ல் ஜென்மி-குடியான் ரெகுலேஷன் வந்தது. குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர்தான் என்பதால் இது நம்மவர்கள் சரித்திரமும்கூட.

நகரத்து வீடுகளின் கதை வேறு. இரண்டாம் உலகப்போரில் வீடு கிடைக்காமல் வாடகை எகிறியபோது, 1941ல் சென்னையில் கட்டுப்பாடு வந்தது. பிறகு 1946, 1949, 1960 என்று சட்டங்கள். 1960 சட்டப்படி 1 மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது. நடப்பில் எல்லோரும் கேட்டது 10 மாதம்! வாடகை பாக்கி என்று வெளியேற்றப் பார்த்த ஒரு வழக்கில், கையில் கூடுதல் அட்வான்ஸ் வைத்திருக்கும்போது அதில் கழித்துக்கொள்ளலாம், குடியிருப்பவரைக் குற்றம் சொல்ல முடியாது என்று 1996ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கேரளத்தின் 1965 சட்டத்திலும் 8ஆம் பிரிவு வாடகைக்கு மேல் பகடிப்பணம் வாங்குவதைத் தடுத்தது. ஆனால் 1995ல் கேரள உயர் நீதிமன்றம் நியாய வாடகை பற்றிய 5, 6, 8 பிரிவுகளைச் செல்லாது என்றுவிட்டது. பழைய கணக்கில் வாடகையை ஒரேயடியாகக் கட்டிப்போட்டால் வீட்டுக்காரர் என்ன செய்வார், அதுவும் நியாயம்தானே. ஆனால் வேலியோடு காவலும் போய்விட்டது.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதுச் சட்டம் 3 மாத வாடகை வரை என்கிறது. காலி செய்த 1 மாதத்தில் திருப்பித்தர வேண்டும். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் 3 மாத வரம்பு நிற்காது. மத்திய அரசின் 2021 மாதிரிச் சட்டம் குடியிருப்புக்கு 2 மாதம் என்கிறது. மாநிலம் நிறைவேற்றினால்தான் அது சட்டம்.

தென்கொரியாவில் நம் ஒத்தியின் அசல் நகல் ஒன்று உண்டு. பெயர் 'ஜியோன்சே'. வீட்டு விலை சரிந்து, வீட்டுக்காரர்கள் கைவிரித்து, வீடுகள் ஏலத்துக்குப் போனபோது ஏராளமான இளைஞர்கள் சேமிப்பை இழந்தார்கள். 2023ல் அங்கே தனிச்சட்டமே போட வேண்டியதாயிற்று.

இங்கேயும் ஆபத்து அதேதான். வீடு ஏற்கனவே வங்கி அடமானத்தில் இருந்தால், 2002 சர்ஃபாசி சட்டப்படி வங்கி வீட்டை எடுத்து ஏலம் விடலாம். உங்கள் பணயத்துக்கு முந்தியது வங்கியின் அடமானம். அசல் பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கடன் வில்லங்கச் சான்றிதழில் தெரியாமலும் போகலாம். அதனால் ஜெராக்ஸ் பார்த்துத் திருப்தி அடையாமல் அசல் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். 1882 சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள ஒத்தியைப் பதிவு செய்ய வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதாது. பணத்தை வங்கி மூலமே கொடுங்கள்.

பதிவுச் செலவு அதிகம் என்பார்கள். போடப்போவது பெண்ணின் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் என்றால், அந்தச் செலவு அதிகமே இல்லை.