நெரளு (பெங்களூரு மர விழா)

பெங்களூரு நகரின் மரங்களுக்காகக் குடிமக்களே கூடி நடத்தும் விழா. கன்னடப் பெயருக்கு ‘நிழல்’ என்று பொருள். முதல் விழா 2014 பிப்ரவரியில் கப்பன் பூங்காவை மையமாக வைத்து நடந்தது. தன்னார்வலர்களின் உழைப்பும் பொதுமக்களின் நன்கொடையும் இதற்கு முதல். மர நடை, கதைசொல்லல், ஓவியம் எனப் பல நிகழ்ச்சிகள் உண்டு. மர நடைதான் இதன் உயிர்: வழிகாட்டியோடு நின்று பட்டையைத் தடவி, காயைப் பொறுக்கி, தூங்குமூஞ்சி மரத்தின் கிளையில் பருந்துக் கூட்டைத் தேடலாம். அம்மரத்தின் இலைகள் அந்தியில் மூடிக்கொள்வதைப் பார்க்க மாலை நடையே ஏற்றது.

பிப்ரவரி பொருத்தமான மாதம். இலையுதிர்ந்த தபேபுயா மரங்கள் அப்போது பூவாய் நிற்கும். ஒன்று ஓய்ந்ததும் இன்னொன்று பூக்கும்படி சாலையோர மரங்களைத் தேர்ந்தவர், 1908-இல் லால்பாக் பொறுப்புக்கு வந்த ஜெர்மானியத் தோட்டக்கலைஞர் குஸ்டாவ் ஹெர்மன் க்ரும்பிகல். நகரம் தன் அடையாளமாகக் கொண்டாடும் தபேபுயா, ஜகரண்டா, தூங்குமூஞ்சி மூன்றுமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்து குடியேறியவை. சாலை விரிவாக்கத்துக்கும் மெட்ரோ ரயிலுக்கும் மரங்கள் வெட்டப்பட்டு எதிர்ப்பு வலுத்த காலத்தில் பிறந்தாலும், நெரளு போராட்ட மேடையாக அன்றி விழாவாகவே அமைந்தது.