வில்லாளி என்றொரு விமானம்

கவிதை பேசுவதற்கென்றே பத்தாண்டுகளாகக் கூடிவரும் நம் வட்டத்தின் நினைவு மலரில் போர்விமானங்களுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும், இக்கட்டுரை பேசவிருக்கும் விமானங்களின் பெயர்களை முதலில் செவிமடுக்க வேண்டுகிறேன். ஃபால்கோ என்றால் வல்லூறு. ஃப்ரெச்சா என்றால் அம்பு. ஃபோல்கோரே என்றால் இடிமின்னல். வெல்ட்ரோ என்றால் வேட்டைநாய். சென்ட்டவ்ரோ என்றால் பாதி மனிதனும் பாதி குதிரையுமான தொன்மப் பிறவி. சஜித்தாரியோ என்றால் வில்லாளி. இரண்டாம் உலகப் போரில் இத்தாலி பறக்கவிட்ட போர்விமானங்கள் இவை. கவிஞர்கள் கூடி அமர்ந்து சூட்டியவையோ இப்பெயர்கள் என்று ஐயுறத் தோன்றுகிறதல்லவா?

இவற்றை நான் அறிய நேர்ந்தது நூலகத்தில் அன்று; என் தங்கை மகனின் கணினித் திரையில். வான்போர் விளையாட்டு ஒன்றில் அவன் மூழ்கியிருந்தான். "இந்த விமானத்தைப் பலருக்குத் தெரியாது மாமா, இத்தாலிக்காரர்கள் செய்தது" என்று பெருமையோடு காட்டினான். ரெஜ்ஜானே ஆர்.இ.2005 சஜித்தாரியோ. நீண்டு கூரிய மூக்கும் நீள்வட்டச் சாயலுள்ள இறக்கையுமாய், மெய்யாகவே அது அழகாக இருந்தது. அந்த ஆட்டத்தில் வானெங்கும் வில்லாளிகள் பறந்துகொண்டிருந்தன. அந்தக் காட்சிதான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்து வந்தது.

இத்தாலியில் விமானமும் கவிதையும் தொடக்கம் முதலே உறவாடியவை. 1909இல் மாரினெட்டி வெளியிட்ட எதிர்காலவாத அறிக்கை வேகத்தையும் இயந்திரத்தையும் அழகின் புதிய உருவங்களாகக் கொண்டாடியது. அதே மூச்சில் போரையும் கொண்டாடியது. 1918 ஆகஸ்ட் 9 அன்று கவிஞர் கப்ரியேலே தன்னுன்சியோ விமானமேறிப் பகைநாட்டுத் தலைநகராகிய வியன்னாவின் மேல் பறந்தார். அன்று நகரின்மேல் விழுந்தவை குண்டுகள் அல்ல, துண்டறிக்கைகள். வெல்ட்ரோ என்னும் பெயரோ தாந்தேயின் பெருங்காப்பியத்திலேயே உள்ளது. நரகப் பகுதியின் முதற்காண்டத்தில், பேராசையின் உருவான பெண் ஓநாயை விரட்ட வரவிருப்பதாக முன்னுரைக்கப்படும் வேட்டைநாய் அது. ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த ஒரு போர்விமானம் அந்தப் பெயரைத் தாங்கியது.

பெயர் மட்டுமா சிறந்திருந்தது? திறமும் இருந்தது. 1934 அக்டோபர் 23 அன்று கார்தா ஏரியின் மேல் பிரான்செஸ்கோ அஜெல்லோ ஓட்டிய மாக்கி எம்.சி.72 மணிக்கு 709 கிலோமீட்டர் வேகம் கண்டது. நீரில் மிதந்தெழும் சுழல்விசிறி விமானங்களுள் உந்துதண்டு இயந்திரம் கொண்டவை எதுவும் இன்றுவரை அதனை விஞ்சவில்லை. அதனை வடிவமைத்த மாரியோ காஸ்டோல்டியே பின்னர் சயெத்தா, ஃபோல்கோரே, வெல்ட்ரோ ஆகிய மூன்று போர்விமானங்களையும் படைத்தார். விசிறியின் சுழற்சி விமானத்தை ஒருபுறமாகச் சாய்க்கும் என்பதால் ஃபோல்கோரேயின் இடது இறக்கையை வலது இறக்கையைவிடச் சுமார் 20 சென்டிமீட்டர் நீளமாக அமைத்தார். சமன்பாட்டுக்காகவே சமச்சீரைக் கைவிட்ட அந்த நுட்பம், யாப்பறிந்த கவிஞர்களுக்கு விளங்காததன்று.

இத்தகைய நாடு 1940 ஜூன் 10 அன்று போரில் இறங்கியபோது, அதன் முன்வரிசையில் பெரும்பங்கு வகித்தது எது? ஃபியட் சி.ஆர்.42 ஃபால்கோ என்னும் இரட்டை இறக்கை விமானம். விமானி திறந்த இருக்கையில் காற்றை முகத்தில் ஏற்றுக்கொண்டு பறந்தார். சக்கரங்கள் உள்ளே மடங்கா. உலகமே ஒற்றை இறக்கைக்கு மாறிவிட்ட காலத்தில், இத்தாலி வேறெந்தப் போர்விமானத்தையும்விட அதிகமாகச் செய்தது இதனைத்தான்; ஏறத்தாழ 1,800. அவற்றுள் ஒன்று 1940 நவம்பர் 11 அன்று இங்கிலாந்தின் கடற்கரையில் பழுதுற்று இறங்கியது. இன்று அது பிரிட்டனின் வான்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

காரணம் தேடினால் இயந்திரத்தில் வந்து நிற்கும். 1930களின் பிற்பகுதியில் வந்த இத்தாலியப் போர்விமானங்கள் 840 குதிரைத்திறன் அளவிலான ஃபியட் இயந்திரத்தையே நம்பியிருந்தன. ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் இயந்திரத்தை உரிமம் பெற்றுச் செய்யத் தொடங்கிய பின்னரே ஃபோல்கோரே பிறந்தது. 1940 ஆகஸ்டில் முதலில் பறந்தது. அப்போதும் இயந்திரங்கள் மெல்லவே வந்தன. விமானத்தின் உடலோ தேர்ந்த கைவினைஞரின் உழைப்பை மணிக்கணக்கில் விழுங்கியது. ஒரு மெஸ்ஸர்ஷ்மிட்டைச் செய்து முடிப்பதைவிட ஒரு மாக்கியைச் செய்து முடிக்கப் பல மடங்கு நேரம் பிடித்தது. 1942இல் பறந்த வெல்ட்ரோ, சென்ட்டவ்ரோ, சஜித்தாரியோ மூன்றும் எந்த நாட்டு விமானத்தோடும் நிகர்நின்று பொரத்தக்கவை. ஆனால் கட்டி முடிந்த வெல்ட்ரோக்கள் ஏறத்தாழ 260, சென்ட்டவ்ரோக்கள் முந்நூறுக்குள், சஜித்தாரியோக்களோ ஏறத்தாழ ஐம்பது. அதே போரில் மெஸ்ஸர்ஷ்மிட் 109 முப்பதாயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டது என்பதை ஒப்புநோக்குக. புகழ்பெறாமற் போனமைக்குத் தரம் காரணமன்று, எண்ணிக்கையே காரணம்.

இங்கேதான் விளையாட்டுக் கலைஞர்களின் தொண்டைப் பாராட்ட வேண்டும். தொடக்க கால வான்போர் விளையாட்டுகள் பெரும்பாலும் வென்றவர்களையும் அவர்களது முதன்மைப் பகைவரையுமே சுற்றின. 2001இல் வந்த ஐ.எல்-2 ஸ்டர்மோவிக் சோவியத்தும் ஜெர்மனியும் மோதிய களத்தை எடுத்துக்கொண்டது. இத்தாலிய விமானங்கள் பின்னரே வந்து சேர்ந்தன. வார் தண்டர் என்னும் விளையாட்டில் அவை முதலில் ஜெர்மன் வரிசையின் ஓரத்தில் ஒண்டிக்கிடந்தன. 2017 மே மாதத்தில்தான் இத்தாலிக்கெனத் தனி வரிசை அமைந்தது. ஒரு விமானத்தைச் சேர்ப்பது எளிய வேலையன்று. ஆலையின் வரைபடங்கள், விமானிகளின் கையேடுகள், சோதனைப் பறப்பின் குறிப்புகள், அருங்காட்சியகங்களில் எஞ்சிய உடல்கள் ஆகியவற்றைத் தேடித் தொகுக்க வேண்டும். எடை எவ்வளவு, எந்த உயரத்தில் இயந்திரத்தின் ஆற்றல் எவ்வளவு, இறக்கையின் பரப்பு எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். சஜித்தாரியோவுக்கோ முழு உடலாக ஒன்றேனும் இன்று உலகில் இல்லை. இல்லாத ஒன்றை ஏட்டிலிருந்து மீட்டு மீண்டும் பறக்கவைப்பது, சிதைந்த சுவடியிலிருந்து பாடலை மீட்கும் பதிப்பாசிரியரின் பணிக்கு ஒப்பானதென்றே சொல்வேன்.

ஆயினும் என் மனம் முழுதாக அமைதியடையவில்லை. தங்கை மகனின் திரையில் ஒரே பொழுதில் நான் கண்ட வில்லாளிகள், 1943இல் நேப்பிள்ஸ் நகரைக் காக்கவும் சிசிலியில் பொரவும் எழுந்தவற்றுக்கு எண்ணிக்கையில் குறையாது போலும். ஆட்டத்தில் இயந்திரத்துக்குத் தட்டுப்பாடில்லை. எரிபொருள் தீர்ந்தால் மறு ஆட்டத்தில் நிரம்பிவிடுகிறது. எந்த இல்லாமை இவ்விமானத்தின் விதியாயிற்றோ, அந்த இல்லாமையை ஆட்டம் துடைத்துவிடுகிறது. கொடி ஒன்றே என்பதும் அத்தகையதே. 1943 செப்டம்பர் 8இல் போர்நிறுத்தம் வெளியானபின் இத்தாலிக்கு இரண்டு வான்படைகள் இருந்தன. வடக்கில் ஒன்று ஜெர்மானியருடனும், தெற்கில் ஒன்று நேச நாடுகளுடனும் நின்றன. ஒரே தொழிற்சாலையில் பிறந்த மாக்கிகள் இரு தரப்பிலும் பறந்தன.

யார்மேல் பறந்தன என்னும் கேள்வியும் உண்டு. உலகப் போருக்கு முன்னரே, 1935-36இல், இத்தாலிய வான்படை எத்தியோப்பியாவில் நச்சுவாயுக் குண்டுகளை வீசியது. அதனை இத்தாலியப் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்புக்கொள்ள 1996ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. வேகத்தைப் பாடிய மாரினெட்டி அந்தப் போருக்குத் தாமே முன்வந்து சென்றார் என்பதைக் கவிதை எழுதும் நாம் மறத்தல் ஆகாது. அழகிய பெயர்களைச் சூட்டும் நாவுக்குப் பொறுப்பும் உண்டு.

வில்லாளி பிறந்த இடத்துக்கு வருவோம். வட இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியா என்னும் ஊர். அங்கே ரயில் பெட்டிகள் செய்துவந்த ரெஜ்ஜானே ஆலை, போர்க்காலத்தில் விமானங்கள் செய்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் உழைத்தனர். 1943 ஜூலை 25 அன்று முசோலினி பதவி இழந்தார். போர் முடிந்துவிடும் என்று மக்கள் நம்பினர். புதிய அரசோ போர் தொடரும் என்று அறிவித்தது. மூன்று நாள் கழித்து, ஜூலை 28 அன்று, சஜித்தாரியோவைச் செய்த அதே கைகள் கருவிகளைக் கீழே வைத்தன. அமைதி வேண்டும் என்று முழங்கியபடி தொழிலாளர் வாயிலை நோக்கி வந்தனர். படைவீரர்கள் சுட்டனர். ஒன்பது பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் கருவுற்றிருந்த பெண்.

1944 ஜனவரியில் நேச நாடுகளின் குண்டுகள் அந்த ஆலையைச் சிதைத்தன. போர் ஓய்ந்தபின் ஆயிரக்கணக்கானோரைப் பணிநீக்கம் செய்ய நிர்வாகம் முனைந்தபோது, 1950 அக்டோபர் முதல் ஏறத்தாழ ஓராண்டு தொழிலாளர்கள் ஆலையைத் தம் வசம் வைத்திருந்தனர். அந்த நாள்களில் அவர்கள் செய்துகாட்டியது ஓர் உழவு டிராக்டர். ஆர்.60 என்று அதற்குப் பெயர். வல்லூறும் ஆட்டுக்கடாவும் வில்லாளியும் பிறந்த கூடத்தில், கவிதைப் பெயர் ஏதுமின்றி வெறும் எண்ணோடு அது பிறந்தது. போர்விமானத்துக்குத் தொன்மத்தில் இடம் தேடியவர்களுக்கு உழும் கருவிக்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை போலும்!

புறநானூற்றில் ஔவை தொண்டைமானின் படைக்கொட்டிலைப் பாடிய பாட்டை இங்கே அன்பர்கள் நினைத்திருப்பீர்கள். பீலி அணிந்து நெய் பூசி அழகாய் அடுக்கியிருந்த படைக்கலங்களைப் புகழ்வதுபோற் புகழ்ந்து, அதியமானின் படைக்கலங்களோ நுனி சிதைந்து கொல்லன் உலைக்கூடத்தில் கிடப்பதை அவர் சுட்டினார். திரையில் பறக்கும் விமானம் நெய் பூசிய வேல். அதனைக் கண்டு மகிழ்வதில் குற்றமில்லை. மறந்தவற்றை மீட்டவர் கைகளுக்கு நன்றியும் உரியது. ஆனால் கொல்லனின் கூடம் எங்கே, அங்கே அன்று யார் நின்றார், வாயிலில் விழுந்தவர் எத்தனை பேர் என்று கேட்பதற்கு வேறொரு கலை வேண்டியிருக்கிறது.

அந்தக் கேள்வியைத் தங்கை மகனிடம் கேட்டேன். ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். பின்பு, "அந்த ஒன்பது பேருடைய பெயர் என்ன மாமா?" என்றான். விமானங்களின் பெயர்களையெல்லாம் நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். அந்த ஒன்பது பெயர்களை ஒப்பிக்க என்னால் இயலவில்லை. நம் வட்டம் தன் பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வேளையில், அவற்றைத் தேடிப் படித்து அடுத்த கூட்டத்தில் உரக்க வாசிப்பதென்று உறுதி கொண்டிருக்கிறேன்.