ஒரு நாளுக்கு மூன்று பெயர்கள்

ஜெர்மன் மொழி பேசுவோர் அனைவரும் சனிக்கிழமையை ஒரே பெயரால் வழங்குவதில்லை. தென்பகுதியிலும் ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் அது ‘ஸாம்ஸ்டாக்’. வடக்கிலும் கிழக்கிலும் ‘ஸோன்னாபென்ட்’. வடமேற்குக் கிளைமொழிகள் சிலவற்றில் ‘ஸாட்டர்டாக்’.

ஸாம்ஸ்டாக், யூதரின் ஓய்வுநாளைக் குறிக்கும் ‘சபாத்’ என்னும் சொல்லின் வழிவந்தது. கிரேக்கர் நாவில் திரிந்து, கிறிஸ்தவ சமயத்தோடு தெற்கை அடைந்தது என்பர் மொழிநூலார்.

ஸோன்னாபென்ட் என்பதற்கு ‘ஞாயிற்றுக்கு முந்திய மாலை’ என்பது பொருள். 8-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து சென்ற போனிபாஸ் முதலிய சமயத் தொண்டரோடு அவ்வழக்குப் பரவியது என்று கருதுவர். மாலையை மட்டும் சுட்டிய சொல், நாளடைவில் முழுநாளுக்கும் பெயராயிற்று.

ஸாட்டர்டாக், உரோமர் வணங்கிய ஸாட்டர்ன் தெய்வத்தின் நாள். அத்தெய்வத்தின் பெயர்கொண்ட கோளையே நாம் சனி என்கிறோம்.

1949 முதல் 1990 வரை ஜெர்மனி இரண்டு நாடுகளாக இருந்தபோது, கிழக்கு ஜெர்மனியின் அரசு வழக்கில் ஸோன்னாபென்ட் என்பதே நிலவியது. இன்றோ, வடக்கிலும் ஸாம்ஸ்டாக் பெருகி வருகின்றது.

இம்மூன்றில் எது திருத்தமான சொல்? மூன்றுமே! ஒன்று யூதர் சமயத்தையும், மற்றொன்று ஆங்கிலத் தொண்டரையும், பிறிதொன்று உரோமரையும் நினைவூட்டுகின்றது. ஆதலின், வட்டார வழக்கைக் கொச்சையென்று எள்ளி ஒதுக்காதீர்கள். ஏட்டில் ஏறாத வரலாறும் அதில் உறைந்திருக்கக்கூடும்.