துருக்கித் தொப்பியின் கதை

எங்கள் ஊரின் பழைய கலியாணப் படங்களில் மாப்பிள்ளையின் தலையில் குஞ்சம் வைத்த துருக்கித் தொப்பி இருக்கும். அது நம் மூத்தவாப்பாமாரின் அடையாளம். அதற்காக நாம் போராடியும் இருக்கிறோம். 1905இல் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் அந்தத் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் வாதாட முடியாமல் தடுக்கப்பட்டார். அவ்வருடம் டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசலில் நம்மவர்கள் பெருந்திரளாகக் கூடினார்கள். பிறகு உரிமை கிடைத்தது.

ஆனால் துருக்கியில் அந்தத் தொப்பியே ஒரு காலத்தில் "புதுப் பழக்கம்".

1826இல் ஜானிசரிப் படையை ஒழித்த சுல்தான் இரண்டாம் மஹ்மூத், ஐரோப்பிய பாணியில் புதுப் படை அமைத்தார். சிப்பாய்க்கு எந்தத் தொப்பி? முன்னால் விளிம்பு இருந்தால் சுஜூதில் நெற்றி தரையில் படாது. ஆகவே விளிம்பில்லாத இது. 1829இல் அரச உத்தியோகத்தருக்கும் இதுவே சட்டமானது. உலமாக்களுக்கு மட்டும் தலைப்பாகை மிஞ்சியது. அதுவரை தலைப்பாகையைப் பார்த்தே ஒருவரின் தொழிலையும் அந்தஸ்தையும் மதத்தையும் சொல்லிவிடலாம். அது போனதில் பலருக்கு மனக்கசப்பு.

காலம் போக அதுவே முஸ்லிமின் அடையாளமாகிவிட்டது. (1908இல் பொஸ்னியாவை ஆஸ்திரியா இணைத்துக்கொண்டதும் இஸ்தான்பூல் மக்கள் ஆஸ்திரியப் பொருட்களைப் பகிஷ்கரித்தார்கள். பார்த்தால், தலையிலிருந்த தொப்பிகளே பெரும்பாலும் ஆஸ்திரியாவில் செய்தவை!)

1925 ஆகஸ்டில் முஸ்தபா கமால் விளிம்புத் தொப்பியோடு கஸ்தமோனுவுக்குப் போனார். நவம்பரில் சட்டம் வந்தது, துருக்கித் தொப்பிக்குத் தடை. எர்சுரும், ரிசே ஊர்களில் எதிர்ப்பு எழுந்தது, சிலர் தூக்கிலிடப்பட்டார்கள். இஸ்கிலிப்லி ஆத்திஃப் ஹோஜா 1924இல், சட்டம் வருமுன்பே, இதுபற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டிருந்தார். 1926 பெப்ரவரியில் அவரையும் தூக்கிலிட்டார்கள். அதை எந்த முன்னேற்றத்தின் பெயராலும் நாம் நியாயப்படுத்த மாட்டோம். சாதாரண ஆட்கள் முன்பக்கம் மட்டும் விளிம்புள்ள துணித் தொப்பியை வாங்கி, தொழும்போது விளிம்பைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

1829இல் தலைப்பாகையை விட மனமில்லாதவரின் பூட்டப்பிள்ளை, 1925இல் அந்தத் தொப்பியை விட மனமில்லாமல் நின்றிருப்பார். இருவருக்கும் வலி உண்மைதான்.

இன்று நம் வீடுகளிலும் ஜுப்பா, அபாயா, தொப்பி என்று வாப்பாவும் பிள்ளையும் மாதக்கணக்கில் பேசாமல் இருக்கிறார்கள். எது "நம்ம பழசு" என்று இருவருமே சத்தியம் பண்ணுகிறார்கள். எந்த வருடத்துப் பழசு என்று யாரும் கேட்பதில்லை.

யார் வீட்டிலாவது அந்தத் துருக்கித் தொப்பி இன்னும் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். வரலாற்றுப் பாடத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.