தட்டில் நின்ற குரல்

கருத்து ஏட்டில் நிற்கும். உருவம் கல்லில் நிற்கும். பாட்டு மட்டும் பாடியவர் வாய் மூடியதும் காற்றோடு போய்விடும் என்றே பல்லாயிரம் ஆண்டு உலகம் நம்பி வந்தது. அந்நம்பிக்கையைப் பொய்யாக்கியவர் எடிசன். 1877-ல் அவர் மனிதக் குரலை ஓர் உருளையிற் பதித்துத் திரும்பப் பேச வைத்தார். பத்தாண்டு கழித்து, 1887-ல், பெர்லினர் என்பார் உருளையை விடுத்துத் தட்டைக் கைக்கொண்டார். உருளையைப் படியெடுத்தல் அரிது. தட்டோ, ஓர் அச்சுச் செய்துவிட்டால் ஆயிரக்கணக்கில் அழுத்தி எடுக்கத் தக்கது. ஓலைச் சுவடிக்கும் அச்சுப் புத்தகத்துக்கும் உள்ள வேற்றுமை எதுவோ, அதுவே இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை.

இத்தட்டின் வரலாற்றைப் படிப்போர் ஒரு கேள்வியை மனத்திற் கொள்ளல் வேண்டும். அச்சு யார் கையில் இருந்தது? எக்குரல் பதியத் தக்கது, எக்குரல் தகாதது என்று தீர்ப்புச் செய்தவர் யார்? மற்றவை எல்லாம் இக்கேள்வியின் கிளைகளே.

கப்பலேறிய அரக்கு

1902-ல் இலண்டன் கிராமபோன் கம்பெனியார் கெய்ஸ்பர்க் என்பவரைக் கல்கத்தாவுக்கு அனுப்பினர். கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரல் அங்கே பதிவாயிற்று. அடுத்த ஆண்டு அவரே சிங்கப்பூரிலும் இறங்கி மலாய்ப் பாட்டுகளைப் பதிந்தார். பதிந்தது கீழ்நாட்டில், தட்டை அழுத்தியதோ ஜெர்மனியிலுள்ள ஹானோவரில். 1908-ல்தான் கல்கத்தாவில் ஆலை எழுந்தது.

தட்டுக்கு உடலாயமைந்த பொருள் அரக்கு. இந்தியக் காடுகளில் மரக்கிளைகளில் ஒருவகைப் பூச்சி கூடுகட்டி விடுவது அது. அதனைச் சுரண்டி எடுப்போர் காட்டு மக்கள். அவ்வரக்கோடு கற்பொடியும் கரியும் கலந்து அழுத்தினால் பத்து அங்குலத் தட்டு உருவாகும். நிமிஷத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷப் பாட்டு. காட்டில் சுரண்டிய அரக்கு கப்பலேறிச் சென்று, பாட்டாகித் திரும்பி, சுரண்டியவன் கைக்கெட்டாத விலையில் கடையில் அமர்ந்தது. இதை விளக்க வேண்டிய தேவை நம் வாசகர்க்கு இல்லை. பால்மரத்தின் பாலும் டயரும் நமக்குச் சொல்லாத கதையா இது?

ஆயினும் தட்டு ஒரு நன்மையைச் செய்தது. அந்நாளில் முதலில் துணிந்து குழாய்முன் பாடியோரிற் பலர் சபையில் சமமாக உட்கார வைக்கப்படாதவர்: தாசி மரபிற் பிறந்த பெண்களும், கூத்தாடிகள் என்று இகழப்பட்ட நாடகக்காரரும். அவர்களை வீட்டுத் திண்ணைக்கும் அழைக்காத பெரிய மனிதர், அவர்கள் குரலைக் கூடத்தின் நடுவில் மேஜைமேல் வைத்துக் கேட்டனர். பாடுபவள் இன்ன சாதி என்று முள் கேட்பதில்லை. கேட்பவன் இன்ன சாதி என்று குழாயும் கேட்பதில்லை. சபாவுக்குள் நுழைய வழியற்றவன் காப்பிக் கடை வாசலில் நின்று அதே பாட்டைக் கேட்டான். மேடைகள் நெடுங்காலம் செய்ய மறுத்ததை ஓர் அரக்குத் தட்டு பேசாமற் செய்தது. எஸ். ஜி. கிட்டப்பா 1933-ல் தம் இருபத்தேழாம் வயதில் மறைந்தார். அவர் நின்ற கொட்டகைகள் அழிந்தன, குரல் அழியவில்லை.

சிறு கடையின் துணிவு

நாய் படம் போட்ட தட்டே தட்டு என்றிருந்த சந்தையில், 1932-ல் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தோன்றிற்று. அதனைக் கூட்டாளிகளுடன் தொடங்கியவர் காரைக்குடி ஏ. வி. மெய்யப்பச் செட்டியார். அவர் தந்தையார் ஊரில் நடத்திய கடையில் தட்டும் விற்றதுண்டு. மகனோ, பிறர் தட்டை விற்பதோடு நில்லாது, தாமே பாடகரைத் தேர்ந்து பதிவித்து, ஜெர்மன் கம்பெனியான ஓடியனின் பெயரில் வெளியிடலானார். தமிழர் காது எதை விரும்பும் என்று இலண்டன் துரைக்குத் தெரியாது. நாள்தோறும் விற்பனைப் பலகையருகே நின்றவருக்குத் தெரியும். சிறிய கடையின் வலிமை அதுவே.

அதன் எல்லையையும் மறைத்தல் ஆகாது. பாட்டைத் தேர்ந்தவர் தமிழர், அச்சோ அவருடையதன்று. 1931-ல் இலண்டனில் கிராமபோன் கம்பெனியும் கொலம்பியாவும் ஒன்றுகூடி ஈ. எம். ஐ. ஆனபோது, ஓடியனின் தாய்க் கம்பெனியும் அக்குடைக்கீழ் வந்துவிட்டது. கடைகள் பல, ஆலை ஒன்று என்றாயிற்று.

பாட்டு யாருடைய சொத்து?

தட்டு பெருகவே, பாட்டு சொத்தாயிற்று. பாரதியார் 1921-ல் வறுமையில் மறைந்தார். அவர் பாட்டுகளைத் தட்டிற் பதியும் உரிமை விலைபோய், ஒரு வணிகர் கைக்கு வந்து, பின்னர் மெய்யப்பச் செட்டியாரிடம் சேர்ந்தது. 1947-ல் அவரது ‘நாம் இருவர்’ படத்தில் டி. கே. பட்டம்மாளின் குரலில் அப்பாட்டுகள் நாடெங்கும் பரவின. அடுத்த ஆண்டு நாடகச் செல்வர்களான டி. கே. எஸ். சகோதரர்கள் தம் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டைச் சேர்க்க, வழக்கு எழுந்தது. நாட்டுக்காகப் பாடியவன் பாட்டைப் பாட நாட்டார் அனுமதி பெறுவதா என்ற கூக்குரல் வலுத்தது. 1949-ல் சென்னை அரசாங்கம் உரிமையை ஏற்றது. செட்டியார் தம் பங்கைப் பணம் வாங்காது விட்டுக்கொடுத்தார். பின்னர் அது மக்கள் அனைவர்க்கும் பொதுவாயிற்று. ஒரு கவிஞனின் பாட்டைப் பொதுவுடைமையாக்கி உலகுக்கு வழிகாட்டிய பெருமை தமிழர்க்கு உண்டு.

ஒரு மெட்டை எடுத்து வேறு சொல் புனைந்து பாடுவது நமக்குப் புதிதன்று. நாடக மெட்டில் தேசியப் பாட்டு எழுந்தது; இந்தி மெட்டில் தமிழ்ப் படப்பாட்டு எழுந்தது. இக்காலத்தார் ரீமிக்ஸ் என்பது இதனினும் ஒருபடி மேற்சென்றது. பதிவான ஒலியையே பிரித்து மறுபடி கட்டுவது. அது வளர்ந்த இடம் ஜமைக்கா. கரும்புத் தோட்டங்களின் தீவு அது. ஆப்பிரிக்க அடிமைகளும், 1845 முதல் இந்தியக் கூலிகளும் உழைத்த மண். அங்கே கிங்ஸ்டன் நகரில், மின்கருவி பழுதுபார்த்து வந்த கிங் டப்பி என்பார், 1970-களில் பாட்டிலிருந்து குரலை நீக்கி, தாளத்தை நிறுத்தி, எதிரொலி கூட்டிப் புதுப்பாட்டாக்கினார்.

அமெரிக்காவில் மோட்டார் ஆலைகள் மூடி வாடிய டெட்ராய்ட் நகரின் கறுப்பின இளைஞரும் அவ்வாறே எழுந்தனர். அவருள் ஹுவான் அட்கின்ஸ் 1985-ல் மெட்ரோபிளெக்ஸ் என்னும் சொந்தத் தட்டுக் கம்பெனியை நிறுவினார். 1994-ல் ராபர்ட் ஹூட் ‘மினிமல் நேஷன்’ என்னும் தட்டை வெளியிட்டார். ஒரு பறையடி, ஒரு சிற்றொலி, அதன் மெல்லிய மாறுதல், அவ்வளவே. பத்துமலைத் தைப்பூசத்தில் உறுமி மேளம் ஒரே அடியைத் திருப்பித் திருப்பி அடித்துக் கூட்டத்தை ஆட்டுவதைக் கண்டவர்க்கு இதன் இரகசியம் விளங்கும். ஜெர்மனியின் பெர்லினில் 1993-ல் தோன்றிய பேசிக் சானல் என்னும் சிறு கம்பெனியார் தட்டு வெட்டும் கூடத்தையும் பின்னர்த் தாமே நிறுவிக்கொண்டனர். சரஸ்வதி ஸ்டோர்ஸுக்கு எட்டாத அச்சு, இவர்கள் கைக்கு எட்டிற்று.

நம் நாட்டிலும் சான்று உண்டு. கோலாலம்பூரில் வளர்ந்த யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006-ல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பில், இளையராஜா 1980-ல் ‘நிழல்கள்’ படத்துக்கு அமைத்த ‘மடை திறந்து’ பாட்டை மறுபடி கட்டினர். சென்னை பாட மலேசியா கேட்டிருந்த நிலை மாறி, மலேசியா பாடச் சென்னை கேட்டது.

நாம் செய்யத் தக்கது

இனி நம்மை நோக்குவோம். காப்பாரிலிருந்து கிள்ளான் செல்லும் சாலையின் இருமருங்கும் ஒரு காலத்திற் பால்மரக் காடு. இன்று பெரும்பகுதி செம்பனை, தொழிற்சாலை, வீடமைப்பு. லயங்கள் உடைந்தன; குடிகள் அடுக்குமாடிக்குப் போயின. பெரட்டுக் களத்தின் பெயரேனும் கணக்கேட்டில் நிற்கிறது; நிரையிற் பாடிய பாட்டு எவ்வேட்டில் நிற்கிறது? பாட்டிமார் பாடிய தாலாட்டும், ஒப்பாரியும், கங்காணியையும் கிராணியையும் கேலி செய்த பாட்டும் அவர்களோடே புதைகின்றன. கேலிக்கு இலக்கான கிராணிக் கூட்டத்தைச் சேர்ந்த நாமே சொல்கிறோம்: அக்கேலி காப்பாற்றத் தக்கது. கூலி உயர்வைக் கேட்க வாயற்றிருந்த காலத்தில் ஏழைகள் எழுதிய மனு அதுவே.

கெய்ஸ்பர்க் கப்பலில் ஏற்றிவந்த கருவிகளினும் நுண்ணிய கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. அச்சு யார் கையில் என்ற கேள்விக்கு இனிச் சாக்குச் சொல்ல இடமில்லை. தோழர்களே, வாரத்தில் ஒரு மாலை ஒரு கிழவியின் அருகில் உட்காருங்கள். அவர் பாடுவதைப் பதியுங்கள். அவர் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், ஆண்டையும் பிழையின்றிக் குறியுங்கள். விற்பனை எத்தனை என்று எண்ணாதீர்கள். பின்வரும் இளைஞன் அதனை உறுமியோடு சேர்க்கட்டும், டெக்னோவோடு சேர்க்கட்டும். அது அவன் உரிமை. அவன் எடுத்தாள ஒரு குரல் இருத்தல் வேண்டும். அது நம் கடமை.